நியூரோபெப்டைடு ஒய் இல்லாத சுண்டெலியும் வழக்கம்போல் தின்கிறதே, ஏன்?

உயிரியல் ஆசிரியை, ஆர்.கே. புரம்

அனைவருக்கும் வணக்கம். தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மூளையில் பசியை ஆளும் பகுதியான ஹைப்போதலாமஸ் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, பசியைத் தூண்டுபவற்றை இடப்பக்கமும் பசியை அடக்குபவற்றை வலப்பக்கமும் எழுதுவது என் வழக்கம். நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பி ஆகியவை இடப்பக்கம். லெப்டின், ஆல்ஃபா எம்எஸ்ஹெச் ஆகியவை வலப்பக்கம். பத்து ஆண்டுகளாக அந்தக் கோட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை.

சென்ற வாரம் ஒரு மாணவி கேட்டுவிட்டாள். நியூரோபெப்டைடு ஒய் மரபணுவை அறவே நீக்கிய சுண்டெலிகள் மற்றச் சுண்டெலிகளைப் போலவே தின்று, அதே எடையில்தான் இருந்தன என்று 1996 ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்றைப் பற்றி எங்கோ படித்திருக்கிறாள். “பசியைத் தூண்டும் பொருளே இல்லை என்றால் அந்தச் சுண்டெலிக்குப் பசி எங்கிருந்து வந்தது, மிஸ்?” என்றாள். வேறு ஏதேனும் ஒரு புரதம் அதன் வேலையை எடுத்துக்கொண்டிருக்கும் என்று சமாளித்தேன். “அப்படியென்றால் பசிக்குக் காரணம் இதுதான் என்று எப்படி எழுதிப்போட்டீர்கள்?” என்று அடுத்த கேள்வி வந்தது. மணி அடித்தது, நான் பிழைத்தேன். (கொறித்துண்ணிகள் என்றதும் பின்வரிசையில் ஒருவன் பிள்ளையாரின் மூஞ்சூறைச் சொல்ல, மூஞ்சூறு கொறித்துண்ணியே அன்று என்று விளக்கியதில் ஏற்கெனவே பத்து நிமிடம் போயிருந்தது.)

என் ஐயம் இதுதான். மூளையில் உண்டாகும் இந்தச் சிறு புரதங்கள் எலிகளின் பசியையும் எடையையும் உண்மையிலேயே ஆளுகின்றனவா, அல்லது ஊசி வழியாக அளவுக்கு மீறிச் செலுத்தும்போது மட்டும் தெரியும் விளைவைத்தான் நாம் பாடமாக நடத்திக்கொண்டிருக்கிறோமா? கூண்டும் தராசுமாக நேரில் வேலை செய்தவர்கள் யாரேனும் இருந்தால் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை மீண்டும் அதே வகுப்பு.

ஆய்வு மாணவன், முனிர்கா

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவி சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார். அவர் சொன்ன ஆய்வு உண்மையானது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பால்மிட்டரின் ஆய்வகத்திலிருந்து வந்தது. அந்தச் சுண்டெலிகள் வழக்கம்போல் தின்றன, வழக்கம்போல் வளர்ந்தன. பட்டினி போட்டுவிட்டுத் தீவனம் வைத்தபோதும் மற்றவற்றைப் போலவே பாய்ந்து தின்றன.

நியூரோபெப்டைடு ஒய்யின் மீது பழி விழுந்த வரலாற்றை முதலில் பார்த்துவிடலாம். 1982 இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இது 36 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு துண்டு. புரதம் என்று நாம் பேச்சுக்குச் சொன்னாலும் பெப்டைடு என்பதே பொருத்தம். 1984 இல், வயிறு நிறையத் தின்றிருந்த எலிகளின் மூளைக்குள் இதைச் செலுத்தியபோது, அவை மீண்டும் தீவனத்தைத் தேடிப்போய்த் தின்றன. பல நாள் தொடர்ந்து செலுத்தினால் உடலும் பருத்தது. இதிலிருந்து தெரிவது, கொடுத்தால் தின்னும் என்பது மட்டுமே. இல்லாவிட்டால் தின்னாது என்பது வேறொரு கூற்று, அதற்கு வேறொரு சான்று வேண்டும். பாடநூல்கள் முதல் கூற்றுக்கான சான்றைக் காட்டி இரண்டாவதையும் சேர்த்து எழுதிவிடுகின்றன என்பதே என் குறை.

அடுத்தது, நீக்கப்பட்ட காலம். மரபணுவைக் கருவிலேயே நீக்கும்போது, மூளை அந்தப் பொருள் இல்லாமலேயே தன்னைக் கட்டிக்கொள்கிறது. எங்கள் முனிர்காவில் இரண்டு மாதமாகக் குழாயில் நீர் வராத தெருவில் டேங்கர், ஆழ்துளைக் கிணறு, பக்கத்து வீட்டுத் தொட்டி என்று ஏதோ ஓர் ஏற்பாடு நடந்து முடிந்திருக்கும். நேற்றுவரை வந்த நீர் இன்று காலை திடீரென்று நின்றால்தான் தெருவே குடத்தோடு வெளியே வரும். 2005 இல் இந்தத் திடீர் நிறுத்தத்தைச் சுண்டெலியில் செய்து பார்த்தார்கள். நியூரோபெப்டைடு ஒய்யையும் ஏஜிஆர்பியையும் சுரக்கும் நரம்பணுக்கள், ஹைப்போதலாமஸின் அடிப்பகுதியில் உள்ள ஆர்குவேட் உட்கரு என்னும் நரம்பணுத் திரளில் இருக்கின்றன. டிஃப்தீரியா நச்சு சுண்டெலியின் செல்களை எளிதில் தாக்குவதில்லை. ஆகவே அந்த நரம்பணுக்களில் மட்டும் நச்சைப் பற்றும் ஏற்பியை மரபணு வழியாகப் பதித்துவிட்டு, பிறகு நச்சைச் செலுத்தினார்கள். பிறந்த சில நாட்களே ஆன குட்டிகளில் அந்த அணுக்கள் அழிந்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை, குட்டிகள் வளர்ந்தன. வளர்ந்த சுண்டெலியில் அதே அணுக்கள் அழிந்தபோது, தீவனம் கூண்டிலேயே இருக்க, அது சில நாட்களில் தின்பதை நிறுத்திப் பட்டினியில் விழுந்தது. ஈடுகட்டல் நடக்கிறது என்ற உங்கள் விடை தவறன்று. எந்த வயதில் நடக்கிறது என்பதைச் சேர்த்துச் சொன்னால் முழுமையாகும்.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு. நியூரோபெப்டைடு ஒய், ஏஜிஆர்பி இரண்டும் இல்லாத சுண்டெலிகளும் 2002 இலேயே உருவாக்கப்பட்டு, அவையும் இயல்பாகவே தின்றன. அப்படியென்றால் அணு அழிந்தபோது மட்டும் ஏன் பட்டினி? அந்த அணுக்கள் இந்த இரண்டு பெப்டைடுகளோடு காபா என்னும் சிறு வேதிப்பொருளையும் வெளியிடுகின்றன. காபா புரதமன்று, மற்ற நரம்பணுக்களை அடக்கும் பொது வேலைக்காரன். அணுக்கள் அழிந்தபின் மூளைத்தண்டில் உள்ள பாராபிராக்கியல் உட்கருவின் மீதிருந்த அந்த அடக்கம் நீங்கி, அது கட்டுக்கடங்காமல் இயங்கியதே உணவை வெறுக்கச் செய்தது என்று 2009 இல் பால்மிட்டரின் குழு காட்டியது. காபாவின் வேலையைச் செய்யும் மருந்தை அந்த இடத்தில் சில நாட்கள் செலுத்திக் காத்தபோது சுண்டெலிகள் பிழைத்துக்கொண்டன. பின்னர் வந்த ஆய்வுகளில், காபாவும் நியூரோபெப்டைடு ஒய்யும் சில நிமிடங்களில் தின்னத் தூண்டுவதையும், ஏஜிஆர்பி மெதுவாகத் தொடங்கி நெடுநேரம் நீடித்துத் தூண்டுவதையும் பிரித்துக் காட்டினார்கள். ஒரே அணுவுக்குள் விரைந்து வேலை செய்யும் கையும் நிதானமாக வேலை செய்யும் கையும் சேர்ந்தே இருக்கின்றன. உங்கள் பலகையின் இடப்பக்கத்தில் பெப்டைடின் பெயருக்குப் பதிலாக அணுவின் பெயரை எழுதினால், மாணவியின் கேள்வியில் பாதி கரைந்துவிடும்.

இன்னொரு செய்தி. 2015 இல், சுண்டெலி ஓடியாடும்போதே இந்த அணுக்களின் இயக்கத்தைப் பதிவுசெய்தார்கள். பசித்த சுண்டெலியில் அவை மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தன. தீவனத்தைக் கண்ட மாத்திரத்திலேயே, ஒரு வாய் தின்பதற்கு முன்பே, அந்த இயக்கம் சரிந்தது. மலை மந்திர் கோயிலில் பொங்கல் தொன்னை கண்ணில் பட்டதும் பாதி பசி ஆறியதுபோல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், சுண்டெலியில் கண்டதைச் சுண்டெலியோடு நிறுத்துவதே மரியாதை. ஆனாலும் பசி என்பது வயிற்றின் நிலையை அப்படியே காட்டும் அளவுகோல் அன்று, அடுத்து என்ன கிடைக்கப்போகிறது என்ற கணிப்பும் அதில் அடங்கியிருக்கிறது என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

கடைசியாகத் தராசு. ஒரு சுண்டெலி நாளொன்றுக்குத் தின்பது ஏறக்குறைய 3 முதல் 5 கிராம். தீவன வில்லைகளை மாலையில் எடைபோட்டுக் கூண்டின் மேல்தட்டில் வைத்து, மறுநாள் மாலை மீதியை எடைபோட்டுக் கழித்தால் தின்றது தெரியும் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். சில சுண்டெலிகள் வில்லையைத் தின்னாமல் வெறுமனே அரைத்துக் கீழே தள்ளிவிடும். படுக்கையாகப் பரப்பிய நெல் உமியைச் சலித்து, மாவு போன்ற அந்தத் தூளைப் பிரித்து எடைபோடும்வரை, என் கணக்கில் ஒரு சுண்டெலி பெருந்தீனிக்காரனாக இருந்தது. சலித்த பிறகு பார்த்தால் அது மற்றவற்றைவிடக் குறைவாகத் தின்றிருந்தது.

நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஜூன் மாதம், வெளியே 44 டிகிரி, லூ என்னும் அனல்காற்று. விலங்கு அறையின் குளிர்சாதனம் இரண்டு நாள் நின்றுபோய், அறை 22 டிகிரியிலிருந்து 30 டிகிரியை எட்டியது. மருந்து கொடுத்த கூண்டு, வெறும் உப்புநீர் ஊசி போட்ட கூண்டு என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாச் சுண்டெலிகளும் தீவனத்தைக் குறைத்துக்கொண்டன. சுண்டெலிக்கு இதமான வெப்பநிலையே ஏறத்தாழ 30 டிகிரிதான்; 22 டிகிரியில் அது உடல்சூட்டைக் காக்கவே தின்றதில் கணிசமான பங்கைச் செலவிடுகிறது. ஆறு வாரத் தரவு வீணானது. ஆனால் ஒரு புரதம் பசியைக் குறைக்கிறது என்று யாராவது சொன்னால், அறையின் வெப்பநிலை என்ன என்று கேட்கும் பழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்துவிட்டது.

ஓய்வுபெற்ற மருத்துவர், கரோல் பாக்

தம்பி நரம்பணுவிலிருந்து தொடங்கியதால், அதற்கு முந்தைய கதையை நான் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு பகுதி தில்லிக்கும் சொந்தமானது.

1940 இல் ஹெதரிங்டன், ரான்சன் ஆகிய இருவர், எலியின் ஹைப்போதலாமஸில் நடுவயிற்றுப்புறப் பகுதியை மின்சாரத்தால் சுட்டு அழித்தபோது எலிகள் மிதமிஞ்சிப் பருத்தன. 1951 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் பணியாற்றிய பால் கிருஷ்ண ஆனந்த், பக்கவாட்டுப் பகுதியில் மிகச் சிறிய இடத்தை இருபுறமும் அழித்தால் எலி தின்பதையே நிறுத்திவிடுகிறது என்று காட்டினார். இவர்தான் பின்னாளில் தில்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவர். இந்நகரில் மருத்துவம் படித்த எங்கள் தலைமுறைக்குப் பசி மையம், நிறைவு மையம் என்ற சொற்கள் இவருடைய பெயரோடு சேர்ந்தே மனப்பாடமாயின.

அந்தப் பாடத்திலும் உங்கள் மாணவி கேட்டது போன்ற ஓர் ஓட்டை இருந்தது. பக்கவாட்டுப் பகுதி அழிந்த எலிகளுக்குக் குழாய் வழியாக உணவூட்டி வாரக்கணக்கில் காத்தால், அவை படிப்படியாக மீண்டும் தின்னத் தொடங்கின என்று 1954 இல் டைட்டல்பாமும் ஸ்டெல்லரும் கண்டார்கள். மேலும், சூட்டுக்கோல் அங்குள்ள அணுக்களை மட்டும் அழிப்பதில்லை, அவ்வழியே கடந்து செல்லும் டோபமைன் நரம்பிழைகளையும் சேர்த்தே எரித்துவிடுகிறது என்பது பிறகு தெரியவந்தது. இடத்தை அழித்தாலும் சரி, மரபணுவை நீக்கினாலும் சரி, அழித்தவன் தான் எதை அழித்தோம் என்பதை முழுவதும் அறிந்திருப்பதில்லை.

மாணவர்களுக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த கதை டக்ளஸ் கோல்மனுடையது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949 இல் தற்செயலாகத் தோன்றிய பருத்த சுண்டெலி வகையை ‘ஓபி’ என்றார்கள். சாதாரணச் சுண்டெலி 25, 30 கிராம் இருக்குமிடத்தில் இது 60 கிராமையும் தாண்டும். 1960களில் ‘டிபி’ என்று இன்னொரு பருத்த வகையும் அங்கேயே கிடைத்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கோல்மன், இரண்டு உயிருள்ள சுண்டெலிகளின் பக்கவாட்டுத் தோலை ஒன்றோடொன்று தைத்து, ஒன்றின் குருதி மற்றொன்றுக்குச் சிறிதளவு போய்வருமாறு செய்தார். டிபியோடு சாதாரணச் சுண்டெலியைச் சேர்த்தபோது, சாதாரணச் சுண்டெலி தின்பதை நிறுத்திப் பட்டினியால் இறந்தது. டிபி கொழுத்துக்கொண்டே இருந்தது. ஓபியோடு சாதாரணச் சுண்டெலியைச் சேர்த்தபோது, ஓபி குறைவாகத் தின்று எடை ஏறுவதைக் குறைத்துக்கொண்டது. ஓபியையும் டிபியையும் சேர்த்தபோதுதான் விடை வெளிப்பட்டது. அதில் என்ன நடந்திருக்கும் என்பதை மாணவர்களே ஊகித்துச் சொல்லட்டும். முதல் இரண்டு இணைகளை ஒழுங்காகப் புரிந்துகொண்ட எவருக்கும் மூன்றாவது தானாக வரும்.

குருதியில் ஏதோ ஒரு நிறைவுப் பொருள் ஓடுகிறது, ஓபிக்கு அதைச் செய்யத் தெரியவில்லை, டிபிக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை என்று கோல்மன் முடிவுகட்டினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1994 இன் இறுதியில், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு ஓபி மரபணுவைக் கண்டறிந்தது. 167 அமினோ அமிலங்களாக உருவாகும் அந்தப் புரதத்துக்கு, மெலிந்த என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து லெப்டின் என்று பெயரிட்டார்கள். 1995 இல் லெப்டினை நாள்தோறும் ஊசியாகப் போட்டபோது ஓபி சுண்டெலிகளின் எடை இரண்டே வாரத்தில் 30 சதவீதம் குறைந்தது. டிபியில் எந்த மாற்றமும் இல்லை, ஏனெனில் அதற்கு ஏற்பியே பழுது. கவனிக்க வேண்டியது, லெப்டின் மூளையில் உண்டாவதன்று. கொழுப்புத் திசுவில் உண்டாகி மூளைக்குச் செல்வது. ஆசிரியை அம்மாவின் பலகையில் அது மற்றவற்றோடு ஒரே வரிசையில் நிற்பது சற்றே இடறுகிறது.

உயிரியல் ஆசிரியை, ஆர்.கே. புரம்

இருவருக்கும் மிக்க நன்றி. லெப்டினைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். அது பலகையில் இடம் மாறும்.

இனி மாணவியின் இடத்திலிருந்தே ஒன்று கேட்கிறேன். பெப்டைடை நீக்கினால் மாற்றம் இல்லை, அணுவை நீக்கினால்தான் மாற்றம் என்றால், மூளைக்குள் உள்ள ஏதாவது ஒரு புரதத்தைத் தனியாக நீக்கிய அளவிலேயே எலி பருத்ததாகச் சான்று உண்டா? இல்லையென்றால் புரதங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்வதற்கே எனக்கு உரிமை இல்லையே?

ஆய்வு மாணவன், முனிர்கா

உண்டு, அம்மா. அதற்கான சுண்டெலியை நீங்கள் ஏற்கெனவே வேறொரு பாடத்தில் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு பிரதிகள் சேர்ந்தால் உயிரைப் பறிக்கும் கொல்லி மரபணுவுக்கு எடுத்துக்காட்டாக மஞ்சள் சுண்டெலியைச் சொல்வோம் அல்லவா? மஞ்சளையும் மஞ்சளையும் கலந்தால் 3:1 வராமல் 2:1 வருகிறது. தூய மஞ்சள் வழி கிடைப்பதே இல்லை என்று பிரெஞ்சு உயிரியலாளர் லூசியன் குவேனோ 1905 இல் கண்டது. அந்த 2 என்ற கணக்கில் பிழைத்து நிற்கும் மஞ்சள் சுண்டெலிகள் வயது ஏற ஏறப் பருத்துவிடும் என்பதை வகுப்பில் நாம் சொல்வதில்லை. நிறத்துக்கும் பருமனுக்கும் என்ன உறவு என்பது பல பத்தாண்டுகள் புதிராகவே இருந்தது. 1992 இல் அகூட்டி மரபணு கண்டறியப்பட்டபின் புதிர் அவிழ்ந்தது. இயல்பான சுண்டெலியில் அகூட்டி புரதம் தோலில் மட்டும் உண்டாகி, மயிரின் கருநிறத்தைத் தூண்டும் மெலனோகார்ட்டின்-1 ஏற்பியை மறித்து, மஞ்சள் பட்டையைத் தருகிறது. மஞ்சள் சுண்டெலியில் ஒரு மரபணு மாற்றத்தால் அதே புரதம் உடல் முழுவதும், மூளையிலும், உண்டாகிறது. மூளையில் உள்ள மெலனோகார்ட்டின்-4 ஏற்பி அந்த ஏற்பியின் நெருங்கிய உறவு. இதையும் அகூட்டி மறித்துவிடுகிறது. ஆல்ஃபா எம்எஸ்ஹெச் வந்து ‘போதும்’ என்று சொல்வது இந்த ஏற்பியிடம்தான். சொல்வது எட்டாததால் சுண்டெலி தின்றுகொண்டே போகிறது.

1997 இல் மெலனோகார்ட்டின்-4 ஏற்பி என்ற அந்த ஒரே புரதத்தை மட்டும் நீக்கினார்கள். நிறம் மாறவில்லை, சுண்டெலி பருத்தது. மரபணுவின் ஒரு பிரதி மட்டும் போன சுண்டெலி இரண்டுக்கும் இடைப்பட்ட எடையில் நின்றது. எந்த ஈடுகட்டலும் நடக்கவில்லை. அதே ஆண்டில், அகூட்டியைப் போலவே வேலை செய்யும் ஒரு புரதம் மூளையில் இயல்பாகவே உண்டாகிறது என்று கண்டு, அதற்கு ஏஜிஆர்பி என்று பெயரிட்டார்கள். உங்கள் இடப்பக்கத்துப் பெயர் பிறந்த கதை இதுதான். அடுத்த ஆண்டே மனிதரிலும் இந்த ஏற்பியில் பழுதுள்ளவர்கள் பருமனாக இருப்பது தெரியவந்தது.

பிடிஎன்எஃப் என்னும் நரம்பு வளர்ச்சிப் புரதமும் இப்படித்தான். அதன் அளவு பாதியாகக் குறைந்தாலே சுண்டெலி அதிகம் தின்று பருக்கிறது. நரம்பணுக்களை வளர்ப்பதற்கென்று எண்ணப்பட்ட புரதத்துக்குப் பசியில் இவ்வளவு பங்கு இருக்கும் என்று அதன் பெயரைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. இதற்கு நேர்மாறானது ஓரெக்சின். 1998 இல் பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயர் சூட்டினார்கள். மறு ஆண்டில் அதை நீக்கிய சுண்டெலி, விழித்து நடமாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று சரிந்து விழுந்தது. ஓரெக்சினின் முதன்மை வேலை விழிப்பைக் காப்பது என்று இன்று அறிகிறோம். பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், ஆனால் பெயரிலிருந்து வேலையை ஊகிக்க விடாதீர்கள்.

துவாரகாவாசி

நான் உயிரியல் படித்தவன் அல்லன். எடை கூடியவன் என்ற தகுதியில் கேட்கிறேன். லெப்டின் கிடைத்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. எலிகள் இளைத்துவிட்டன, மனிதர்கள் இளைக்கவில்லை. அண்மையில் என் மருத்துவர் பரிந்துரைத்த வார ஊசியோ குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போன்றதாம். அப்படியென்றால் மூளைப் புரதங்களைப் பற்றிய இவ்வளவு ஆராய்ச்சியும் எலிகளுக்குத்தான் பயன்பட்டதா? இன்னொன்று: என் சகோதரியும் நானும் ஒரே சமையலைத்தான் உண்கிறோம், எடை எனக்கு மட்டுமே ஏறுகிறது. இதற்கும் ஏதேனும் எலி உண்டா?

ஓய்வுபெற்ற மருத்துவர், கரோல் பாக்

லெப்டினைப் பற்றிய பகுதிக்கு நான் விடை சொல்கிறேன். 1995 இல் ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து உரிமம் வாங்கியபோது உலகமே நீங்கள் நினைத்ததைத்தான் நினைத்தது. பருமனானவர்களுக்கு லெப்டினைக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 1999 இல் வெளிவந்தபோது பலன் சொற்பமாகவே இருந்தது. காரணம் எளியது. பருமனான பெரும்பாலோரின் குருதியில் லெப்டின் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. மூளைதான் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஓபி சுண்டெலி லெப்டின் இல்லாதது. நீங்களும் நானும் லெப்டின் இருந்தும் செவிசாய்க்காதவர்கள். கொழுப்பு மிகுந்த தீவனம் கொடுத்துப் பருக்கவைத்த சாதாரணச் சுண்டெலியும் இப்படித்தான் ஆகிறது. நமக்கு நெருங்கிய உறவு அதுதான்.

ஆனால் உண்மையிலேயே லெப்டின் இல்லாத மனிதர்களும் மிக அரிதாக இருக்கிறார்கள். 1997 இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட இரண்டு சிறார்களில், எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ; இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ. லெப்டின் ஊசி தொடங்கியபின் அந்தச் சிறுமியின் தீராப் பசி அடங்கி எடை குறைந்தது. ஓபி சுண்டெலி இல்லாவிட்டால் அக்குழந்தைகளைப் பேராசை பிடித்தவர்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்போம். நான் பணியில் இருந்த காலத்தில் பருத்த பிள்ளைகளின் தாய்மார்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆய்வு மாணவன், முனிர்கா

வார ஊசியைப் பற்றிச் சொல்கிறேன். அது ஒத்திருக்கும் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் குடலில் சுரப்பது உண்மை. ஆனால் மூளைத்தண்டில் உள்ள சில நரம்பணுக்களும் அதைச் செய்கின்றன. 1996 இல் எலியின் மூளைக்குள் அதைச் செலுத்தியபோது எலி தின்பதைக் குறைத்தது. அதன் ஏற்பியை மறித்தபோது அதிகம் தின்றது. 2014 இல், ஜிஎல்பி-1 ஏற்பியை நரம்பணுக்களிலிருந்து மட்டும் நீக்கிய சுண்டெலிகளுக்கு லிராகுளுடைடு என்ற இதே இன மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறைந்தது, எடை குறையவில்லை. எடை குறைப்பது மூளை வழியாகத்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. உடலில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 குருதியில் ஏறத்தாழ இரண்டு நிமிடத்திலேயே பாதியாகக் குறைந்துவிடுகிறது. வேதியியலாளர்கள் அதைத் திருத்தி ஒரு வாரம் நிலைக்கச் செய்ததால்தான் அது மருந்தானது. எலிகள் கற்றுத்தந்தது எதைத் தொட வேண்டும் என்பதை. எவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதை வேதியியல் கற்றுத்தந்தது.

உங்கள் சகோதரிக்கும் உங்களுக்குமான எலியும் உண்டு. ஓபி சுண்டெலிக்கு, மெலிந்த சுண்டெலி தின்ற அளவே தீவனத்தை எடைபோட்டுக் கொடுத்தால், இரண்டும் சமமாக இருக்கும் என்று தோன்றும். ஓபி அப்போதும் கொழுப்பைக் கூடுதலாகவே சேர்த்துக்கொள்கிறது. லெப்டின் தின்பதை மட்டும் குறைப்பதில்லை, உடல் எவ்வளவு செலவிட வேண்டும் என்பதிலும் தலையிடுகிறது. அதனால்தான் ஓபியை 4 டிகிரி குளிரில் வைத்தால் உடல்சூட்டைக் காக்க முடியாமல் சில மணி நேரத்தில் இறந்துவிடும். ஒரே சமையல் என்பது வரவுக்கணக்கு மட்டுமே. செலவுக்கணக்கை எலியிலும் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

உயிரியல் ஆசிரியை, ஆர்.கே. புரம்

செவ்வாய்க்கிழமைக்கான பலகையைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டேன். நடுக்கோட்டை அழித்துவிட்டேன். மேலே கொழுப்புத் திசுவும் லெப்டினும். கீழே ஆர்குவேட் உட்கருவில் பசியைத் தூண்டுவதும் அடக்குவதுமாக இரண்டு வகை நரம்பணுக்கள். அவற்றுக்கு அருகில் ஒவ்வொன்றும் எவற்றை வெளியிடுகிறது என்ற பட்டியல், காபாவும் உட்பட. இரண்டும் போய்ச் சேரும் இடத்தில் மெலனோகார்ட்டின்-4 ஏற்பி. மஞ்சள் சுண்டெலியை மரபியல் பாடத்திலிருந்தே இழுத்துவரப் போகிறேன். பாடத்தைக் கோல்மனின் மூன்று இணைகளோடு தொடங்கி, மூன்றாவதை மாணவர்களிடமே விட்டுவிட்டு, அவர்கள் சொன்னபின் விடையை எழுதப்போகிறேன்: ஓபியும் டிபியும் இணைந்தபோது டிபி இளைத்தது, ஓபி அப்படியே இருந்தது. இது சரிதானே? கேள்வி கேட்ட மாணவி முதல் பெஞ்சில்தான் உட்காருவாள். தவறு செய்தால் தப்ப முடியாது.

ஓய்வுபெற்ற மருத்துவர், கரோல் பாக்

மாறிவிட்டது, அம்மா. டிபியின் குருதியில் லெப்டின் வழிந்தோடுகிறது, அதற்குக் கேட்கும் காது இல்லை. ஓபிக்குக் காது உண்டு, சொல்லத்தான் ஆளில்லை. இரண்டையும் இணைத்ததும் டிபியின் லெப்டின் ஓபிக்குப் போய்ச் சேருகிறது; ஆகவே தின்பதை நிறுத்திப் பட்டினியில் இறந்தது ஓபி. டிபி எதையும் உணராமல் பருத்துக்கொண்டே இருந்தது. மற்றவை அனைத்தும் சரி. அந்த ஒரு வரியை மட்டும் திருப்பி எழுதிக்கொள்ளுங்கள்.